பங்காளிச் சண்டையில் தலைமை

வணக்கம் ஐயா,

ஒருவருடைய தலைமையை எடைபோட, அவர் எதிர்க்கட்சியோடு மோதுவதைவிடத் தன் கட்சிக்குள் வேட்பாளர் ஆவதற்காக மோதுவதைத்தான் கவனிக்க வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். 2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதியதைச் சொல்லி, அதில்தான் ஒபாமா தலைவர் என்பது தெரிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

என் நாத்தனார் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அந்தப் போட்டியில் ஹிலாரிக்கு ஓட்டுப் போட்டவர். கட்டுரையை அவருக்கு அனுப்பினேன். "மேடையில் நன்றாகப் பேசியதைத் தவிர அந்த மனிதர் அதுவரை எதை நடத்திக் காட்டியிருந்தார்? ஒரு மாநிலத்தை ஆண்டாரா, ஒரு ஊரையாவது நிர்வகித்தாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்கே வேறு சந்தேகங்களும் இருக்கின்றன. நாட்டை ஒன்றுசேர்ப்பேன் என்று சொல்லி வந்தவரால் சொந்தக் கட்சியையே ஐந்து மாதம் ஒன்றாக வைத்திருக்க முடியவில்லையே? கட்சி இரண்டாகப் பிளந்துதானே நின்றது? கடைசியில் ஜெயித்துவிட்டார் என்பதால் அவர் செய்ததையெல்லாம் தலைமைப் பண்பு என்கிறோமா? ஹிலாரி ஜெயித்திருந்தால் இதே கட்டுரையை அவரை வைத்து எழுதியிருப்பீர்களோ? நம் கட்சிகளில் இப்படி வெளிப்படையான போட்டியைப் பார்த்துப் பழக்கமில்லை. கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

மீ. ச.,
திருச்சி

அன்புள்ள மீ. ச.,

கட்சி பிளந்து நின்றது உண்மை. அந்தப் பிளவை ஒபாமாவின் கணக்கில் எழுத வேண்டுமா என்பதுதான் கேள்வி. இவர்கள் இருவரும் இருந்த ஜனநாயகக் கட்சியில், ஒரு மாநிலத்தில் முதலில் வந்தவருக்கு, மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அங்குள்ள பிரதிநிதிகள் அத்தனை பேரும் போய்விடுவதில்லை. 15 சதவீத வாக்கைத் தொட்ட எல்லோருக்கும் வாங்கிய விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். குடியரசுக் கட்சியில் அப்போது பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே மொத்தமும். அதனால் ஜான் மெக்கெய்ன் மார்ச் 4ஆம் தேதியே வேட்பாளர் ஆகிவிட்டார். இந்தப் பக்கம் சமபலமுள்ள இருவர் ஒவ்வொரு மாநிலத்திலும் பாதிப் பாதி அள்ளிக்கொண்டு போனார்கள். முடிவில் ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி வாக்கு. அதற்கு மேல் எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகள் என்று ஏறக்குறைய 800 'சூப்பர் டெலிகேட்'கள். அன்றைய விதிப்படி அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கை தூக்கலாம். இப்படியொரு ஏற்பாட்டில் சண்டை இழுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

போதாததற்கு, ஒருவர் வந்தால் முதல் கறுப்பின அதிபர், இன்னொருவர் வந்தால் முதல் பெண் அதிபர். யார் தோற்றாலும், தோற்றவர் பின்னால் நின்றவர்கள் 'மறுபடியும் நம்மைத் தள்ளி வைத்துவிட்டார்கள்' என்றுதான் நினைப்பார்கள். அந்த வருத்தத்தை எந்த வேட்பாளராலும் தடுத்திருக்க முடியாது. எனவே சண்டை வந்ததற்கும் நீண்டதற்கும் நான் யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை.

இதை ஒரு பங்காளிச் சண்டையாகத்தான் பார்க்கிறேன். வெளியாளோடு சண்டை என்றால் கேஸ் போட்டு, ஜெயித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். பங்காளிகள் என்றால் கிணறு பொது, குலதெய்வம் பொது, நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் தீட்டும் பொது. சண்டை போடு, விடாதே. ஆனால் எதைச் சொன்னால் அப்புறம் ஒரே பந்தியில் உட்கார முடியாதோ அதைச் சொல்லாதே என்று ஒரு அளவு உண்டு. கட்சிக்குள் நடக்கிற போட்டியும் அதுதான். பிப்ரவரியில் நீங்கள் தாக்குகிற மனிதர் செப்டம்பரில் உங்களுக்காக ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரரோடு மோதும்போது இந்தக் கவலை கிடையாது. ஆகவே நான் பார்ப்பது இரண்டை: ஆத்திரத்தின் உச்சியில் ஒருவர் எதை உடைக்காமல் விட்டார், தன் ஆட்களை எதை உடைக்க விட்டார்.

இந்தியாவைத் தொட்ட சம்பவம் ஒன்றே இதில் இருக்கிறது. 2007 ஜூனில், ஓட்டுப்பதிவு தொடங்க இன்னும் அரை வருடத்துக்கு மேல் இருந்தபோது, ஒபாமாவின் பிரச்சார அலுவலகம் பத்திரிகையாளர்களுக்கு ஒரு குறிப்பைப் பெயர் போடாமல் கொடுத்தது. அமெரிக்காவில் செனட்டரின் பெயருக்குப் பின்னால் கட்சியின் முதல் எழுத்தையும் மாநிலத்தையும் போடுவது வழக்கம். ஹிலாரியின் பெயருக்குப் பின்னால் நியூயார்க் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பஞ்சாப்' என்று போட்டிருந்தார்கள். பஞ்சாபில் நின்றால்கூட நான் ஜெயித்துவிடுவேன் என்று சீக்கியர்கள் கூடிய ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் ஹிலாரி விளையாட்டாகச் சொன்னதை எடுத்து, வேலைகளை இந்தியாவுக்கு அனுப்புகிறவர்களின் ஆள் இவர் என்று குத்துகிற குறிப்பு அது. விஷயம் வெளியே வந்தது. இந்திய வம்சாவளியினர் கொதித்தார்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நகர்ந்துவிட ஒபாமாவுக்கு இடம் இருந்தது. உண்மையிலேயே அவர் அதை முன்னால் பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் முட்டாள்தனமான தவறு, பொறுப்பு என்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார், தன் அலுவலர்களைக் கண்டித்தார். சின்ன விஷயம்தான். ஆனால் போட்டி சூடாவதற்கு முன்பே தன் ஆட்களுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று காட்டிய விஷயம்.

அந்தக் கோடு 2008 மார்ச்சில் சோதிக்கப்பட்டது. வெளியுறவு ஆலோசகராக இருந்த சமந்தா பவர் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் ஹிலாரியை 'அரக்கி' என்கிற தோரணையில் பேசிவிட்டார். இதை எழுத வேண்டாம் என்று உடனே சொன்னார், பத்திரிகை எழுதிவிட்டது. மார்ச் 7ஆம் தேதி பவர் விலகினார். ஒபாமா மதித்த ஆள் அவர், பிற்பாடு ஐ.நா. தூதராகவே நியமித்தார். இருந்தும் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

எதிர்ப்பக்கம் கோட்டைத் தாண்டியவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆலோசகர் அல்ல, முன்னாள் அதிபர். தென் கரோலினாவில் ஜனவரி 26ஆம் தேதி ஒபாமா 55க்கு 27 என்று ஜெயித்தபோது பில் கிளிண்டன், ஜெஸ்ஸி ஜாக்ஸனும்தான் 1984லும் 1988லும் இங்கே ஜெயித்தார் என்றார். கறுப்பினத்தவர் கறுப்பினத்தவருக்குப் போட்ட ஓட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுதான் அதற்கு எல்லோரும் எடுத்துக்கொண்ட பொருள். அதுவரை கிளிண்டன் குடும்பத்தைத் தங்கள் வீட்டு ஆட்களாக நினைத்திருந்த கறுப்பின வாக்காளர்கள் மனம் முறிந்தார்கள். கணவரை அடக்கு என்று ஒரு வேட்பாளரிடம் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதிபர் பதவிக்கு நிற்கிறவரிடம் அதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

தாக்குதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி அடித்தால் அதை எடுக்க யார் இருக்க வேண்டும் என்று ஹிலாரி ஒரு விளம்பரம் போட்டார். அனுபவம் இருக்கிறதா என்ற நியாயமான கேள்வி அது, உங்கள் நாத்தனார் கேட்பதும் அதைத்தான். ஆனால் அதே வாரங்களில் இன்னொன்றும் சொன்னார்: மெக்கெய்ன் ஒரு வாழ்நாள் அனுபவத்தோடு வருவார், நானும் அப்படியே, ஒபாமாவிடம் இருப்பது 2002இல் ஈராக் போரை எதிர்த்துப் பேசிய ஒரு பேச்சு. இது வேறு வகை. பங்காளி வழக்கில் வெளியாளுக்குச் சாட்சி சொன்ன மாதிரி. எதிர்பார்த்தபடியே ஆகஸ்டில் மெக்கெய்ன் தரப்பு ஹிலாரியின் வாசகங்களை எடுத்து ஒபாமாவுக்கு எதிராக விளம்பரம் வெளியிட்டது.

ஒபாமாவும் சுத்தமில்லை. ஹிலாரி எதையும் சொல்வார், எதையும் மாற்ற மாட்டார் என்று தென் கரோலினாவில் அவர் தரப்பு வானொலி விளம்பரம் செய்தது. நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில், மக்களுக்கு உங்களைப் பிடிப்பதில்லையே என்று ஹிலாரியிடம் கேள்வி வந்தபோது இவர் குறுக்கே புகுந்து, உங்களைப் போதுமான அளவுக்குப் பிடிக்கும் ஹிலாரி என்று குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னது, நல்ல மனிதர் என்று அவரைப் பற்றி இருந்த எண்ணத்தில் ஒரு கீறல். மூன்று நாள் கழித்து அந்த மாநிலத்தில் தோற்றார்.

இனி, எதை நடத்திக் காட்டினார் என்ற கேள்வி. செனட்டில் மூன்று வருடம், அதற்கு முன் இல்லினாய் மாநில செனட்டில் எட்டு வருடம். நிர்வாகப் பதவி எதுவும் இல்லை, உங்கள் நாத்தனார் சொல்வது சரி. ஹிலாரிக்கும் அப்படியொன்று இருந்ததில்லை என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். இரண்டு பேருமே அதுவரை நடத்திய மிகப் பெரிய நிறுவனம் அவரவர் பிரச்சாரம்தான். பல கோடி டாலர் வரவு செலவு, நூற்றுக்கணக்கில் ஊழியர்கள், ஐம்பது மாநிலங்களில் ஐம்பது விதமான விதிகள், தினம் ஒரு நெருக்கடி. தேர்வு எழுத இருவருக்கும் ஒரே கேள்வித்தாள். அதனால்தான் அதைத் திருத்திப் பார்க்கலாம் என்கிறேன்.

ஹிலாரி தரப்பு, 20க்கும் அதிகமான மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த பிப்ரவரி 5 அன்றே போட்டி முடிந்துவிடும் என்று நம்பியது. அதற்குப் பிறகான மாநிலங்களுக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஜனவரியில் ஒபாமா 3 கோடியே 20 லட்சம் டாலர் திரட்டியபோது ஹிலாரி தன் சொந்தப் பணத்தில் 50 லட்சம் டாலரைப் பிரச்சாரத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒபாமாவின் பிரச்சார மேலாளர் டேவிட் ப்ளஃப் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தார். பெரிய மாநிலத்தில் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்கலாம், யாரும் எட்டிப் பார்க்காத சின்ன மாநிலத்தில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தால் கணக்கு சரியாகிவிடும் என்பது அவர் கண்டுகொண்டது. பிப்ரவரி 5 அன்று உங்கள் நாத்தனாரின் நியூ ஜெர்சியில் ஹிலாரி ஜெயித்தார். பிரதிநிதிகளில் அவருக்கு 59, ஒபாமாவுக்கு 48, பதினொன்று அதிகம். அதே நாளில் ஐடஹோ என்ற, 1964க்குப் பிறகு நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்கு விழாத மாநிலத்தில், கூட்டம் கூடிக் கை தூக்கும் 'காக்கஸ்' முறையில் ஒபாமா 15க்கு 3 என்று வாரிக்கொண்டு போனார். பன்னிரண்டு அதிகம். நியூ ஜெர்சி மாதிரி ஜனத்தொகை அடர்ந்த மாநிலத்தின் லாபத்தை ஐடஹோ தின்றுவிட்டது. அதன்பின் மார்ச் 4 வரை ஹிலாரி ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை.

இது ப்ளஃபின் கெட்டிக்காரத்தனம்தானே, ஒபாமாவின் தலைமை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ப்ளஃப் மாதிரி ஆளைத் தேர்ந்தெடுத்ததிலும், நியூ ஹாம்ப்ஷயரில் தோற்ற இரவு அந்த ஆளை மாற்றாமல் இருந்ததிலும் வந்தது. ஹிலாரி பிப்ரவரியில் மேலாளர் பாட்டி சோலிஸ் டாயிலை அனுப்பிவிட்டு மேகி வில்லியம்ஸைக் கொண்டுவந்தார். ஆனால் உள்ளே எல்லோரோடும் மோதிக்கொண்டிருந்த வியூக ஆலோசகர் மார்க் பென் ஏப்ரல் வரை இருந்தார். ஹிலாரி எதிர்த்துவந்த கொலம்பிய வர்த்தக ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக, தன் மக்கள் தொடர்பு நிறுவனத்தின் தலைவராக அந்நாட்டுத் தூதரைச் சந்தித்தது வெளியே தெரிந்த பிறகுதான் அவர் விலக நேர்ந்தது. யாரை நம்புவது, சண்டை போடும் இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது, எப்போது கையைக் கழுவுவது: அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தால் தினம் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இங்கே ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒழுங்காக நடந்த பிரச்சாரம் ஜெயிக்கும் என்று விதியில்லை. 2016இல் டிரம்ப் தன் பிரச்சாரத் தலைமையை இரண்டு முறை மாற்றினார், எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை, ஆனாலும் ஜெயித்தார். பிறகு வெள்ளை மாளிகையிலும் அதே வேகத்தில் ஆட்கள் வந்து போனார்கள். நான் சொல்வது அவ்வளவுதான்: உள்ளே நடப்பதைப் பார்த்து, ஜெயிப்பாரா என்று சொல்ல முடியாது, ஜெயித்தால் எப்படி இருப்பார் என்று கொஞ்சம் சொல்லலாம்.

ஒபாமாவுக்கு வந்த பெரிய சோதனை அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட். அமெரிக்காவைச் சபித்துப் பேசிய அவருடைய பழைய பிரசங்கங்கள் மார்ச் மாதம் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடின. மார்ச் 18ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஒபாமா பேசினார். பெரும்பகுதி அவரே எழுதியது. ஒரு அறிக்கை விட்டுப் பாதிரியாரைக் கைகழுவிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். அவர் அதற்குப் பதிலாக நிறவெறியின் வரலாற்றையும், கறுப்பினத்தவரின் கோபத்தையும், வேலை இழந்த வெள்ளையரின் கோபத்தையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பேசினார். கேட்பவர்களை வயதுவந்தவர்களாக நடத்திய பேச்சு. ரைட்டை என்னால் உதற முடியாது, கறுப்பினச் சமூகத்தையே உதற முடியாதது போல என்றார்.

அதை எல்லோரும் தலைமையின் உச்சம் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஏப்ரல் 28ஆம் தேதி ரைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் பழையதையெல்லாம் திரும்பப் பேசி, ஒபாமா அரசியல்வாதியாகப் பேசுகிறார் என்று சேர்த்துச் சொன்னார். மறுநாளே ஒபாமா உதறினார். உதற முடியாத உறவு ஆறு வாரத்தில் எப்படி உதறக்கூடியதாயிற்று? இருபது வருடம் அந்தத் தேவாலயத்தில் இருந்தவருக்கு ரைட் என்ன பேசுவார் என்பது ஏப்ரல் கடைசியில்தான் தெரிந்ததா? மார்ச் பேச்சு சிறந்த பேச்சு, ஏப்ரல் முடிவு தாமதமான முடிவு. நடுவில் இன்னொன்று: பென்சில்வேனியாவின் சிறு நகரங்களில் வேலை போன மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நன்கொடையாளர்களிடம் அவர் சொன்னது வெளியே வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் மதித்த அதே மக்களை, அவர்கள் இல்லாத அறையில் வேறு தொனியில் பேசியிருந்தார். அந்த மாநிலத்தில் ஹிலாரி ஒன்பது சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மிச்சிகன், ஃபுளோரிடா விவகாரத்தில் இரண்டு பேருமே சறுக்கினார்கள். கட்சி அனுமதித்த தேதிக்கு முன்பே தேர்தல் நடத்தியதால் அந்த மாநிலங்களின் பிரதிநிதிகளுக்கு ஓட்டு இல்லை என்று கட்சி முன்கூட்டியே தண்டித்திருந்தது. ஒபாமா மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டார், ஹிலாரி எடுக்கவில்லை. அந்தத் தேர்தல் எதற்கும் கணக்கில் வராது என்று 2007 அக்டோபரில் வானொலியில் சொன்னவர் ஹிலாரியே. பின்தங்கிய பிறகு, அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஜனநாயகம் போச்சு என்றார். மறுதேர்தல் யோசனை வந்தபோது ஒபாமா தரப்பு சட்டச் சிக்கல்களை அடுக்கி ஆர்வம் காட்டாமல் இருந்தது. மறுதேர்தல் நடந்தால் யாருக்கு லாபம் என்று அவர்களுக்குத் தெரியும். மே 31ஆம் தேதி விதிக்குழு கூடி இரண்டு மாநிலங்களின் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை ஓட்டு என்று தீர்த்தது. ஹிலாரிக்காக அங்கே கர்ஜித்த ஹெரால்ட் இக்கீஸ், அந்த மாநிலங்களைத் தண்டிக்க முதலில் ஓட்டுப் போட்ட அதே குழுவின் உறுப்பினர். அரசியலில் கூச்சப்பட்டால் ஆகாது போலிருக்கிறது. ஆகஸ்டில், வேட்பாளர் என்பது உறுதியான பிறகு, முழு ஓட்டையும் திருப்பிக் கொடுக்கும்படி ஒபாமாவே கேட்டுக்கொண்டார். செலவில்லாத தாராளம்தான். செலவில்லாவிட்டாலும் செய்யாதவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் போட்டியிலேயே முக்கியமான பகுதி அது முடிந்த விதம்தான். ஜூன் 3ஆம் தேதி ஒபாமாவுக்குத் தேவையான எண்ணிக்கை சேர்ந்துவிட்டது. அன்றிரவு ஹிலாரி நியூயார்க்கில் பேசினார், தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, இன்று எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றார். ஒபாமாவின் ஆட்கள் கொதித்தார்கள். ஒபாமா அவசரப்படுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து செனட்டர் டயான் ஃபைன்ஸ்டீன் வீட்டில் இருவரும் தனியாகச் சந்தித்தார்கள். ஜூன் 7ஆம் தேதி ஹிலாரி விலகி, ஆதரவு தெரிவித்தார். அவருடைய பிரச்சாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன் நின்றது. சட்டம் அனுமதித்த உச்சத் தொகையான 2,300 டாலருக்கு ஒபாமா தானே ஒரு காசோலை எழுதிக் கொடுத்து, தன் நன்கொடையாளர்களையும் கொடுக்கச் சொன்னார். ஜூன் 27ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் 'யூனிட்டி' என்ற சிற்றூரில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த ஊரில் ஜனவரியில் இருவருக்கும் ஆளுக்கு 107 ஓட்டு விழுந்திருந்தது. நாடகம்தான், ஆனால் நன்றாக யோசித்த நாடகம்.

துணை அதிபர் இடத்தை ஹிலாரிக்குக் கொடுக்காமல் ஜோ பைடனுக்குக் கொடுத்தார். ஹிலாரியின் ஆதரவாளர்களில் பலர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் ஆகஸ்டில் டென்வரில் நடந்த கட்சி மாநாட்டில் ஹிலாரியின் பெயரை முறைப்படி முன்மொழிய அனுமதித்தார். மாநிலம் மாநிலமாகப் பெயர் அழைத்து எண்ணிக்கொண்டு வந்தபோது நியூயார்க்கின் முறை வந்தது. ஹிலாரியே எழுந்து, எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாக ஏற்போம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எத்தனையோ பேர் தொண்டை அடைக்க ஆமோதித்தார்கள்.

இதே கட்சி 28 வருடத்துக்கு முன் எப்படி முடித்தது என்று பாருங்கள். 1980இல் பதவியில் இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி நின்றார். கென்னடி சவால் விடுவார் என்ற பேச்சு வந்தபோதே, வந்தால் அவர் பின்புறத்தில் சாத்துவேன் என்று கார்ட்டர் எம்.பி.க்களிடம் சொல்லியிருந்தார். டெஹ்ரானில் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாக இருக்கும்போது கட்சி அரசியல் பேச முடியாது என்று விவாதத்துக்கே வரவில்லை. கென்னடியும் லேசுப்பட்டவரில்லை. எதற்கு அதிபராக ஆசைப்படுகிறீர்கள் என்று ரோஜர் மட் தொலைக்காட்சியில் கேட்டதற்கு அவரால் உருப்படியாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. கணக்கில் தோற்ற பிறகும், பிரதிநிதிகளை அவரவர் மனம்போல ஓட்டுப் போட விடுங்கள் என்று மாநாடு வரைக்கும் சண்டையைக் கொண்டுபோனார். ஆகஸ்ட் 11ஆம் தேதி அது தோற்றது. மறுநாள் கென்னடி பேசிய பேச்சில் மேடிஸன் ஸ்கொயர் கார்டன் அரங்கமே அழுதது. கார்ட்டரின் பெயர் அதில் ஏறக்குறைய இல்லை. கடைசி இரவு மேடைக்குத் தாமதமாக வந்த கென்னடி கை குலுக்கினார், நகர்ந்தார். இரண்டு பேரும் கை கோத்து உயர்த்துகிற அந்த ஒரு புகைப்படத்துக்காக ஒரு நாட்டின் அதிபர் மேடையில் அவர் பின்னாலேயே அலைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நவம்பரில் ரீகன் 489, கார்ட்டர் 49. விலைவாசியும் பிணைக்கைதிகளும் இல்லாமல் வெறும் கென்னடியால் அந்தத் தோல்வி வந்ததென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயித்த பிறகு தோற்றவரை என்ன செய்வது என்று கார்ட்டருக்கு ஒரு யோசனையும் இருக்கவில்லை என்பதை அந்த மேடையே காட்டிவிட்டது.

இனி உங்கள் கூர்மையான கேள்வி: ஜெயித்ததால் புகழ்கிறோமா? 2008 செப்டம்பர் முதல் பாதியில், மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினை அறிமுகப்படுத்திய குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் பின், கருத்துக்கணிப்புகளில் மெக்கெய்ன் முந்திக்கொண்டிருந்தார். செப்டம்பர் 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி, பொருளாதாரம் சரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஒபாமா தோற்றிருந்தாலும் ப்ளஃபைத் தேர்ந்ததும், பவரை அனுப்பியதும், ஜூன் 3ஆம் தேதி பொறுத்ததும், டென்வரில் ஹிலாரியின் பெயருக்கு இடம் விட்டதும் அப்படியேதான் இருந்திருக்கும். அதனால்தான் நவம்பரை மறந்துவிட்டு ஆகஸ்டோடு கணக்கை முடிக்கிறேன்.

ஹிலாரியை வெளியுறவு அமைச்சராக்கியதை இதில் நான் சேர்க்கவில்லை. உடனே எல்லோரும் லிங்கனைச் சொல்வார்கள்: 1860இல் தன்னோடு போட்டியிட்ட ஸீவர்ட், சேஸ், பேட்ஸ், கேமரன் நால்வரையும் அமைச்சரவையில் வைத்தாரே என்று. ஸீவர்ட் சிறந்த அமைச்சராக இருந்தார் என்பது சரி. கேமரனின் துறையில் ஊழல் நாறியதால் ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டி வந்தது. சேஸ் அமைச்சரவையில் உட்கார்ந்துகொண்டே 1864இல் லிங்கன் நாற்காலிக்கு அடிபோட்டார். எதிராளியைப் பக்கத்தில் வைப்பது மந்திரம் இல்லை, யாரை என்பதைப் பொறுத்தது. ஹிலாரி விஷயத்தில் அது நல்லபடியாக அமைந்தது.

ஹிலாரி ஜெயித்திருந்தால் அவரைப் பற்றி இதே கட்டுரையை எழுதியிருப்பேனா? பிரச்சாரத்தை நடத்திய விதத்துக்காக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் போட்டி முழுவதிலும் எனக்குப் பெரிதாகப் படுகிற ஒரே ஒரு செயலைச் சொல்லச் சொன்னால் அது ஹிலாரியுடையது. ஆகஸ்ட் 26ஆம் தேதி மாநாட்டில், இன்னும் அழுதுகொண்டும் கோபித்துக்கொண்டும் இருந்த தன் ஆட்களைப் பார்த்து, நீங்கள் இந்தப் போட்டிக்கு வந்தது எனக்காக மட்டும்தானா என்று கேட்டார். போரிலிருந்து திரும்பிய சிப்பாயையும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு புற்றுநோயோடு போராடும் தாயையும் சொல்லி, அவர்களுக்காகவும்தானே வந்தீர்கள் என்றார். தன் கூட்டத்தின் கோபத்தைத் தனக்கென்று சேமித்து வைத்துக்கொள்ளாமல் செலவழித்துவிட்டார். ஆதரவாளர்களிடம் அவர்கள் கேட்க விரும்பாததைச் சொல்வது ஒபாமா அந்த வருடம் செய்த எதையும்விடக் கடினமானது.

ஆனால் எட்டு வருடம் கழித்து அவர் ஜெயித்த பக்கம் நின்றபோது அதே நிதானம் முழுதாக இல்லை. 2016இல் வேட்பாளர் போட்டியில் அவரிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் ஆட்களுக்குக் கொள்கை அறிக்கைக் குழுவில் 15க்கு 5 இடம் கிடைத்தது, அதுவரை சரி. கட்சி அலுவலகம் சாண்டர்ஸுக்கு எதிராகச் சாய்ந்திருந்ததைக் காட்டும் மின்னஞ்சல்கள் வெளியானதால், மாநாட்டுக்கு முன்தினம் கட்சித் தலைவி டெபி வாஸர்மன் ஷூல்ட்ஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அன்றைக்கே ஹிலாரி அவருக்குத் தன் பிரச்சாரத்தில் கௌரவப் பதவி ஒன்றைக் கொடுத்து அறிவிக்கை விட்டார். பல வருடத் தோழிக்குச் செய்த மரியாதை, புரிந்துகொள்ள முடிகிறது. மறுநாள் ஃபிலடெல்ஃபியா மாநாட்டு அரங்கில் ஹிலாரியின் பெயர் வந்தபோதெல்லாம் சாண்டர்ஸின் பிரதிநிதிகள் கூச்சல் போட்டார்கள். சாண்டர்ஸ் அந்த வாரமே ஹிலாரியை ஒருமனதாக ஏற்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவர் பின்னால் வந்தவர்களில் ஒரு பகுதி அரங்கைவிட்டு வெளியேறியது.